ஈரக்காற்றில் குளிரூட்டிய கேமரா: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை விட்ட இரவில் காற்று 25 டிகிரி இருக்கும், ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும். அந்தக் கணக்குக்குப் பனிப்புள்ளி 24 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். நாமோ தொலைநோக்கியில் மாட்டிய கேமராவால் நெபுலா (விண்ணில் மங்கலாக ஒளிரும் வாயுமேகம்) பிடிக்க வேண்டும் என்று அதன் சென்சாரை மைனஸ் 5, மைனஸ் 10 என்று இறக்குகிறோம். கேமராவோடு வரும் கையேடு ஈரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கும், அதுவும் காய்ந்த காற்றில் இருப்பவர்களை நினைத்து. தோட்டப்புறத்தில் இந்தக் கேமராவோடு மல்லுக்கட்டுபவர்களுக்காக, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி வழி சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோளாறு என்றதும் ஸ்குரூடிரைவரைத் தேடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் சென்சார் அறையைத் திறப்பதைவிடப் பெரிய கெடுதல் அந்தக் கேமராவுக்குக் கிடையாது. திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? விண்வெளிக் கருவிகளைக் கவனித்துக்கொள்பவர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதை யார் போய்த் திறப்பது? அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் வெப்பநிலை எண்கள், மின்சார எண்கள், வந்து சேரும் படங்கள். இவற்றை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். பல தடவை ஒரு பாகத்தைக் கொஞ்சம் சூடாக்கியே குணப்படுத்தியும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் அப்படியே உதவும். அதனால் அங்கே நடந்தவற்றையும் அங்கங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

எதையும் தொடும் முன்பு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: நீங்கள் கேட்ட வெப்பநிலை, சென்சார் காட்டும் வெப்பநிலை, சென்சாரைக் குளிர வைக்கும் கூலர் எத்தனை விழுக்காடு சக்தியில் ஓடுகிறது, வெளிக்காற்றின் வெப்பமும் ஈரப்பதமும். பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் பார்ப்பார்கள். திரையில் மைனஸ் 5 என்று வந்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது சக்தி விழுக்காடுதான். ஒரு கேமரா 40 விழுக்காட்டில் மைனஸ் 5ஐப் பிடித்து நிற்கிறது, இன்னொன்று 98 விழுக்காட்டில் பிடித்து நிற்கிறது என்றால், இரண்டாவது ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் மூடியைப் போட்டு ஐந்து நிமிட இருட்டுப் படம் ஒன்று எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். கேமரா நன்றாக இருக்கும்போதே இப்படி ஒன்று எடுத்து வைத்திருந்தால் அதைவிட நல்லது. நோய் வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்தபின் இருபது நிமிடம் விடுங்கள். வெப்பம் அடங்கி நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

அறிகுறி: கூலர் 100 விழுக்காட்டில் ஓடுகிறது, கேட்ட குளிர் வரவில்லை

"அண்ணே, மைனஸ் 20 போட்டேன், மைனஸ் 8லயே நிக்குது" என்று வானியல் குழுவில் ஒரு தம்பி கேட்டான். அவன் கேமராவில் கோளாறே இல்லை. உள்ளே இருப்பது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகத்திலிருந்து வெப்பத்தை எடுத்து மறு முகத்தில் கொட்டும். இரண்டு அடுக்குள்ள கேமராக்கள் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 35 டிகிரி கீழே போகும். வெளியே 27 என்றால் மைனஸ் 8. குளிர் நாட்டில் வெளியே 5 டிகிரி இருக்கும்போது எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அதே எண்ணை இங்கே கேட்டால் கிடைக்காது.

கிடைக்காததால் பெரிய நட்டமும் இல்லை. சிலிக்கன் சென்சாரில் ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் டார்க் கரண்ட் (வெளிச்சமே படாதபோதும் வெப்பத்தால் சென்சாரில் சேரும் மின்னோட்டம்) பாதியாகக் குறையும். 27லிருந்து மைனஸ் 3க்கு இறக்கினால் ஐந்து தடவை பாதியாகி 32ல் ஒரு பங்காகிவிடும். இன்னும் 6 டிகிரி இறக்க கூலரை முழு மூச்சில் ஓட்டினால், அந்த 32ல் ஒரு பங்குதான் 64ல் ஒரு பங்காகிறது. பசார் மாலாம் (இரவுச் சந்தை) விளக்கும் ஆலை விளக்கும் வானத்தில் தெரியும் ஊரில், வான வெளிச்சத்தின் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு இருக்கும். என் கணிப்பில் நம் பக்கத்துக்கு 0 அல்லது மைனஸ் 5 போதும். கூலர் 70, 80 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் காற்று சற்றுச் சூடானாலும் பிடித்து நிற்க அதற்குச் சக்தி மிச்சம் இருக்கும்.

அப்படியென்றால் விண்வெளியில் ஏன் 7 கெல்வின் (மைனஸ் 266 டிகிரி) வரை போகிறார்கள்? வேலை வேறு. வெப்பில் இருக்கும் மிரி என்ற கருவி 5 முதல் 28 மைக்ரான் வரையுள்ள அகச்சிவப்பைப் பார்க்கிறது. அறை வெப்பத்தில் இருக்கும் பொருள் எல்லாம் அந்த அலைநீளத்தில் தானே ஒளிரும். தொலைநோக்கி சூடாக இருந்தால் அது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் ஹபிளின் அகலப்புலக் கேமரா மைனஸ் 83 டிகிரியிலேயே நன்றாக வேலை செய்கிறது. அதைக் குளிர வைப்பதும் பெல்டியர்தான், அடுக்குகள் மட்டும் அதிகம்.

சரி, நீங்கள் நியாயமான எண்ணைக் கேட்டும் வரவில்லை என்றால், முதலில் காற்றுப் போக்கைப் பாருங்கள். பின்பக்கத்து விசிறி சுற்றுகிறதா, வெளியே வரும் காற்று சூடாக இருக்கிறதா? கூலர் முழு சக்தியில் ஓடும்போது சூடான காற்று வராவிட்டால் வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டப்புறத்தில் விசிறிக்குள் எறும்பு குடியிருக்கும், சிலந்தி வலை பின்னும். மழைக்குப் பிறகு ஈசல் வந்தால் இறக்கைகள், வெப்பத்தை வெளியே விடும் வெப்பத் தகட்டின் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். மென்மையான தூரிகையால் துடையுங்கள். காற்று ஊதுவதாக இருந்தால் விசிறி இதழைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் அது வேகமாகச் சுற்றித் தாங்கு உருளை கெடும். மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் பையை எடுக்காமலே கூலரைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

2018 மார்ச் மாதம் ஏவிய கோஸ்-17 வானிலைச் செயற்கைக்கோளுக்கு வந்ததும் இதே நோய்தான். உணரிகள் நன்றாகவே இருந்தன. வெப்பத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய வெப்பக் குழாயில் திரவம் சரியாக ஓடவில்லை. சில பருவங்களில் இரவு நேரத்தில் சூரிய ஒளி கருவிக்குள் விழும். அப்போது உணரிகள் சூடாகி அகச்சிவப்புப் படங்கள் கெட்டன. குழாயைச் சரிசெய்ய வழியில்லை. உணரிகளின் இயக்க வெப்பநிலையையும் அளவிடும் அமைப்புகளையும் மாற்றிப் பெரும்பகுதித் தரவைக் காப்பாற்றினார்கள். 2023 தொடக்கத்தில் கோஸ்-18 அந்த இடத்துக்கு வந்தது. படம் கெட்டால் உடனே சென்சார் மேல் பழி போடாமல், வெப்பம் எந்த வழியாக வெளியேற வேண்டும், அந்த வழி திறந்திருக்கிறதா என்று அவர்கள் தேடினார்கள். நாமும் அப்படித்தான் தேட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். கூலர் முழு சக்தியில் ஓடும்போது கேமராவின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அடாப்டர் முனையில் 12 வோல்ட் காட்டுவதை நம்ப வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து திடல் வரை ஐந்து மீட்டர் கம்பி இழுத்திருந்தால், போக வர பத்து மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மொத்தத் தடை 0.23 ஓம். 3 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினால் இழப்பு பாதி. நான் ஆலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறவன். குளிர் போதவில்லை என்று வந்த கேமராக்களில் கம்பியை மாற்றியதும் சரியானவை நிறைய. கார் பேட்டரியில் ஓட்டுபவர்கள் நள்ளிரவுக்குமேல் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். பேட்டரி இறங்க இறங்கக் குளிரும் குறையும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் பெல்டியருக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவில் உள்ள பசை காய்ந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும். பழகியவர் கையில் கொடுங்கள்.

அறிகுறி: குளிர் வருகிறது, ஆனால் மாதாமாதம் கூலர் சக்தி ஏறுகிறது

நோட்டுப் புத்தகம் இல்லாதவர்களுக்கு இந்த அறிகுறி கண்ணிலேயே படாது. ஜனவரியில் வெளிக்காற்று 25ல் மைனஸ் 5க்கு 55 விழுக்காடு, ஜூனில் அதே 25ல் அதே மைனஸ் 5க்கு 75 விழுக்காடு என்று ஏறியிருந்தால், எங்கிருந்தோ புதிதாக வெப்பம் உள்ளே வருகிறது, அல்லது வெளியேறும் வழி குறுகிவிட்டது.

இரண்டில் எது என்று பிரிக்க, வெப்பத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். தகடு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தும் வெளிவரும் காற்று பலமில்லாமல் இருந்தால் விசிறி அல்லது தூசி. காற்று பலமாக, சூடாக வந்துகொண்டிருந்தால் கூலர் வெப்பத்தை ஒழுங்காகத் தள்ளுகிறது. அப்படியானால் உள்ளே கசிவு. சென்சார் அறைக்குள் ஈரம் நுழைந்து குளிர்ந்த பாகத்தில் உறைந்திருக்கலாம். ஈரத்தை உறிஞ்சக் கேமராவுக்குள் இருக்கும் உலர்த்தி வில்லை நிறைந்துவிட்டதற்கு இது முதல் எச்சரிக்கை. படத்தில் மங்கல் தெரிவதற்குப் பல வாரம் முன்பே எண்ணில் தெரிந்துவிடும்.

வெப்பக் கசிவு என்ன செய்யும் என்பதற்கு ஹபிளின் நிக்மாஸ் என்ற அகச்சிவப்புக் கருவியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1997 பிப்ரவரியில் விண்வெளி வீரர்கள் அதைப் பொருத்தினார்கள். திட நைட்ரஜன் அடைத்த குடுவைக்குள் உணரிகள். அந்த நைட்ரஜன் விரிந்து உள்பாகத்தைத் தள்ளியதில், தொடக்கூடாத ஒரு குளிர்ந்த பாகம் சூடான பாகத்தைத் தொட்டுவிட்டது. வேறெதுவும் உடையவில்லை. அந்த ஒரு தொடுகை வழியே வெப்பம் உள்ளே வந்தது. ஏறத்தாழ நாலரை ஆண்டு வர வேண்டிய நைட்ரஜன் 1999 ஜனவரியில் தீர்ந்தது. 2002 மார்ச்சில் நியான் வாயுவைச் சுற்றவிடும் ஒரு குளிர்விப்பானைக் கொண்டுபோய் இணைத்து, உணரிகளை 77 கெல்வினுக்குக் கொண்டுவந்தார்கள். கருவிக்கு உயிர் திரும்பியது.

அறிகுறி: படத்தின் நடுவே மங்கல், நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவளையம்

தோட்டப்புறத்தில் அதிகம் வருவது இதுதான். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

ஈரம் மூன்று இடத்தில் படியலாம்: கேமராவின் முன்கண்ணாடியின் வெளிமுகம், அதன் உள்முகம், சென்சார் மேலேயே. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலில் இது ஈரம்தானா என்று உறுதிசெய்யுங்கள். கருமையான, விளிம்பு தெளிவான சிறு வளையங்கள் தூசி. குளிரைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவை மாறாது. ஈரம் வெப்பநிலையோடு மாறும்.

இனி சோதனை. கூலரை நிறுத்த வேண்டாம். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சூடாக்கியை இயக்குங்கள். கேமராவில் அது இல்லையென்றால் லென்ஸுக்குச் சுற்றும் சூடாக்கிப் பட்டையைக் கட்டுங்கள். கால் மணி நேரத்தில் மங்கல் விலகினால் ஈரம் கண்ணாடியில் இருந்தது. அன்றைய இரவு அதோடு வேலையைத் தொடரலாம். விலகவில்லை என்றால் கூலரின் இலக்கு வெப்பநிலையை மெதுவாக உயர்த்திக்கொண்டே, வெள்ளைத் துணி மூடிய தொலைநோக்கிக் குழாய் வழியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். சென்சார் 0 டிகிரியைத் தாண்டும்போது மங்கலின் வடிவம் திடீரென்று மாறினால், அது சென்சார் மேல் உறைந்த பனி உருகியது. உறைபனி என்றால் முன்பே அதன் விளிம்பு கரடுமுரடாக, படிகம் படிகமாகத் தெரிந்திருக்கும். வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தபிறகும் கறை அப்படியே நின்றால், பழைய துளி காய்ந்து விட்டுப்போன தடம்.

எவ்வளவு ஈரம் இருந்தால் இந்தப் பாடு? கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 27 டிகிரியில் 90 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீர் இருக்கிறது. மைனஸ் 10ல் காற்று தாங்கக்கூடியது 2 கிராம் அளவுதான். சென்சார் அறை 50 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நம் ஊர்க் காற்று ஒரு தடவை நிறைந்தால் உள்ளே ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான நீர். அது முழுவதும் 4 சதுர சென்டிமீட்டர் சென்சாரில் படிந்தால் 3 மைக்ரான் தடிமனுக்குப் பனி வரும். ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்ததற்கு இவ்வளவு.

2023 ஜூலை 1 அன்று ஏவிய யூக்ளிட் தொலைநோக்கியில் பனி இதைவிட மிக மெல்லியது, சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரைதான். அதுவே போதுமாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நட்சத்திரங்களின் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைக் கவனித்தார்கள். பூமியில் கட்டும்போது வெப்பக் காப்பு உறைகள் உறிஞ்சிய ஈரம், வெற்றிடத்தில் மெல்ல வெளிவந்து குளிர்ந்த கண்ணாடிகளில் போய் உறைந்திருந்தது. மொத்தக் கருவியையும் சூடாக்கினால் எளிது. ஆனால் எல்லாம் விரிந்து சுருங்கி, ஒளியியல் சீரமைப்பு குலைந்துவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு கண்ணாடியாகச் சூடாக்கத் திட்டமிட்டார்கள். 2024 மார்ச்சில் முதல் கண்ணாடியை மைனஸ் 147லிருந்து மைனஸ் 113 டிகிரிக்கு ஏற்றினார்கள். 34 டிகிரிதான், அதுவும் உறைநிலைக்கு எவ்வளவோ கீழே. 100 நிமிடத்தில் பனி ஆவியாகி, வரும் ஒளி 15 விழுக்காடு கூடியது. பனி எங்கே இருந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

சந்தேகப்படும் பாகத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் சூடாக்குவது. மேலே சொன்ன சோதனையில் கண்ணாடிச் சூடாக்கியை முதலில் வைத்து, சென்சாரைச் சூடாக விடுவதை இரண்டாவதாக வைத்ததற்கு இதுதான் காரணம். ஒரு வேறுபாடு உண்டு. வெற்றிடத்தில் பனி நேராக ஆவியாகிவிடும். நம் கேமராவுக்குள் காற்று இருப்பதால் பனி முதலில் உருகித் துளியாகும், பிறகுதான் காயும். அந்தத் துளி கறையை விட்டுவிட்டுப் போகும். ஆகவே சூடாக்கிக் காய வைப்பதையே தினசரி வைத்தியமாக்க முடியாது. உலர்த்தி வேலை செய்ய வேண்டும்.

உலர்த்தி வில்லைகளைப் புதுப்பிக்கும் விதம் இது. சிலிக்கா ஜெல் என்றால் ஓவனில் 110லிருந்து 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். வேறு வகை உலர்த்தி என்றால் அதன் கையேடு சொல்லும் வெப்பத்தையே வையுங்கள். நீல நிறமுள்ள சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும், அது நச்சு. சமைக்கும் ஓவனில் அதை வைக்கக் கூடாது. எடுத்ததும் சூட்டோடு காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, அதற்குள்ளேயே ஆற விடுங்கள். திறந்த தட்டில் ஆற வைத்தால் நம் காற்றை அது மறுபடியும் குடித்துவிடும். கைபேசி நனைந்தால் அரிசியில் புதைக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அரிசி இந்த அளவுக்கு உலர்த்தாது. அதன் மாவுத்தூள் சென்சாருக்குப் போனால் இன்னொரு வேலை.

வில்லையை மாற்றும் இடம் முக்கியம். படுக்கையறையில் ஏர்கோனை உலர்த்தும் நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஈரப்பத மானி 50 அளவுக்கு இறங்கியபின் மாற்றுங்கள். கேமராவும் அந்த ஒரு மணி நேரம் அதே அறையில், கூலர் போடாமல், இருக்கட்டும். பெரும்பாலான கேமராக்களில் உலர்த்திக்கென்று பக்கவாட்டில் தனி மூடி இருக்கும். அதை மட்டும் திறந்தால் போதும், முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை. மூடியைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் அது ஒரு கால்வாய். விரலால் தடவிப் பார்த்து, சிலிக்கோன் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசி மூடுங்கள். மூடியபின் ஒரு முழு நாள் கூலரைப் போடாதீர்கள். உலர்த்தி தன் வேலையை முடிக்க நேரம் கொடுங்கள். பல பேர் அவசரப்பட்டு அன்றிரவே மைனஸ் 10க்கு இறக்கி, பழைய மங்கலையே மறுபடி பார்க்கிறார்கள்.

அறிகுறி: இருட்டுப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் பெருகுகின்றன

முதலில், அது இருட்டுப் படம்தானா? மூடியின் ஓரமாக வெளிச்சம் கசிந்தால் படம் ஒரு பக்கமாக வெளுக்கும். இரவில், இருண்ட பெட்டிக்குள் வைத்து இன்னொன்று எடுங்கள். அது சுத்தமாக இருந்தால் குற்றம் மூடியில். மூலையில் மட்டும் வெளிச்சம் பரவியிருந்தால் அது சென்சாரின் மின்சுற்று உண்டாக்குவது. குளிரூட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்தால் போய்விடும்.

கழித்தும் புள்ளிகள் மிஞ்சினால் உங்கள் இருட்டுப் படத் தொகுப்பு பழசாகிவிட்டது, அல்லது வேறு வெப்பநிலையில் எடுத்தது. இந்தப் புள்ளிகள், அதாவது சூடான பிக்சல்கள், காலப்போக்கில் கூடும். சில மாதங்களுக்கு ஒரு தடவை புதுத் தொகுப்பு எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விண்வெளியில் கதிர்வீச்சு இதை நாள்தோறும் செய்கிறது. ஹபிளின் சிசிடி வகை உணரிகளில் மாதம் ஒரு தடவை குளிரூட்டலை நிறுத்திச் சூடாக விடுவார்கள். அதில் சூடான பிக்சல்களில் பெரும்பகுதி ஆறிவிடும். 2002ல் ஏவிய இன்டெகிரல் என்ற காமாக்கதிர்த் தொலைநோக்கியின் ஜெர்மானியம் உணரிகளை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு தடவை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கதிர்வீச்சுக் காயத்தை ஆற்றி, மறுபடியும் குளிரச் செய்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கேமராவை ஓவனில் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் பசையும் அந்த வெப்பத்தைத் தாங்காது.

அறிகுறி: வெப்பநிலை ஒரு டிகிரி மேலும் கீழும் ஆடுகிறது

கூலர் 95க்குமேல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இலக்கை ஐந்து டிகிரி உயர்த்துங்கள், ஆட்டம் நிற்கும். நிற்காவிட்டால் மின்சாரம். கேமரா, தொலைநோக்கியின் மோட்டார், சூடாக்கிப் பட்டை மூன்றும் ஒரே அடாப்டரில் தொங்கினால் மோட்டார் இழுக்கும்போதெல்லாம் கூலர் தடுமாறும். தனித்தனியாகக் கொடுங்கள். நட்சத்திரங்கள் ஒரே திசையில் லேசாக நீண்டு தெரிந்தால் விசிறியின் அதிர்வையும் சந்தேகியுங்கள். வெப்பின் மிரி கருவியைக் குளிர வைக்கும் அமுக்கியை உணரிகளிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளி விண்கல உடலில் வைத்ததற்கு, அதன் வெப்பமும் அதிர்வும்தான் காரணம்.

அறிகுறி: கூலருக்கு உயிரே இல்லை

படம் வருகிறது, கூலர் 0 விழுக்காடு. படத்துக்கான மின்சாரம் யூஎஸ்பி வழியே வருகிறது, கூலருக்கு 12 வோல்ட் தனி. அடாப்டர், பியூஸ், முனை தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். வெப்பநிலை நடக்க முடியாத ஓர் எண்ணைக் காட்டினால் உள்ளே வெப்ப உணரியின் கம்பி விட்டுப்போயிருக்கிறது. அது பழுது பார்ப்பவர் வேலை.

இணைக்கும் வரிசையும் முக்கியம். 12 வோல்ட்டை முதலில் செருகி, பிறகு யூஎஸ்பி, கூலரை எல்லாவற்றுக்கும் கடைசியில் மென்பொருளில் போடுங்கள். கூலர் ஓடிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட் முனையைப் பிடுங்கிச் செருகாதீர்கள். மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் மின்சுற்று நினைத்தபடி நடக்கும் என்று உறுதி இல்லை. 1999 மார்ச் 4 அன்று ஏவிய வயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி போனது அப்படி ஒரு கணத்தில்தான். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும், நாட்கள் கழித்துத் திறக்க வேண்டிய மூடி உடனே கழன்றுவிட்டது. வெப்பம் உள்ளே புகுந்தது. குளிருக்காக வைத்திருந்த திட ஹைட்ரஜன் வேகமாக ஆவியாகிப் பீறிட்டு வெளியேறியதில் விண்கலமே சுழலத் தொடங்கியது. சில நாட்களுக்குள் குளிர்பொருள் முழுவதும் தீர்ந்து, திட்டமிட்ட ஆய்வு கைவிட்டுப் போனது.

அறிகுறி: காலையில் பார்த்தால் கேமரா நனைந்திருக்கிறது

வேலை முடிந்ததும் மின்சாரத்தைப் படாரென்று நிறுத்திப் பையில் வைத்தால் இப்படித்தான் ஆகும். குளிர்ந்த உடலின் மேல் விடியற்காலைக் காற்று நீரை வார்க்கும். மென்பொருளில் மெதுவாகச் சூடாக்கும் வசதி இருந்தால் பதினைந்து, இருபது நிமிடம் கொடுத்து வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு மூடியைப் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள்.

குளிர வைக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பியது. மிரி 7 கெல்வினைத் தொட்டது 2022 ஏப்ரல் 7 அன்று. நடுவில் நூறு நாளுக்கும் மேல். அதன் உடற்பாகங்களில் ஊறியிருந்த ஈரம் வெளியேறும்வரை, சூடாக்கிகளைப் போட்டுக் கருவிகளை வேண்டுமென்றே சூடாக வைத்திருந்தார்கள். ஈரம் உணரியில் படியாமல் இருக்க வேண்டுமானால் உணரி கடைசியாகக் குளிர வேண்டும். சூடாக்குவதிலும் சூதானம் தேவை. 2001 மே மாதம் காசினி விண்கலத்தின் குறுகலான புலக் கேமராவை 30 டிகிரி வரை சூடாக்கிக் குளிரவிட்டபோது, அதன் படங்களில் புதிதாக ஒரு மூட்டம் வந்தது. அதைவிடக் குறைந்த வெப்பத்தில், நாள்கணக்கில், பல தடவை மெல்லச் சூடாக்கித்தான் 2002 நடுவில் அதைப் போக்கினார்கள். நனைந்த கேமராவுக்கு முடி உலர்த்தியைப் பிடிக்காதீர்கள். ஏர்கோன் அறையில் ஒரு நாள் கிடந்தால் தானே காயும்.

கூலர் முழுவதும் செத்துவிட்டால்

பழுது பார்க்க அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கேமராவைப் பெட்டியில் பூட்ட வேண்டாம். எந்த வேலைக்குக் குளிர் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பாருங்கள்.

ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி 2300 லிட்டருக்கும் அதிகமான திரவ ஹீலியத்தோடு 2009 மே மாதம் கிளம்பியது. 2013 ஏப்ரல் 29 அன்று ஹீலியம் தீர்ந்ததும் அதன் ஆய்வு முடிந்தது. நெடும் அகச்சிவப்பைப் பார்க்கும் அதன் உணரிகளுக்கு அந்தக் குளிர் இல்லாமல் வழியே இல்லை. ஸ்பிட்சர் என்ற இன்னொரு அகச்சிவப்புத் தொலைநோக்கியின் ஹீலியம் 2009 மே 15 அன்று தீர்ந்தது. ஆனால் 3.6, 4.5 மைக்ரானில் பார்க்கும் அதன் இரண்டு அலைவரிசைகளுக்கு, வெட்டவெளியின் குளிரே கொடுத்த 29 கெல்வின் போதுமாக இருந்தது. அவற்றை வைத்து 2020 ஜனவரி 30 வரை வேலை செய்தார்கள்.

நம் கேமராவில் அப்படிக் குளிர் தேவையில்லாத வேலைகள் நிலவும் கோள்களும். வியாழனுக்கு ஒரு படத்துக்குச் சில மில்லிநொடிதான். அதற்குள் டார்க் கரண்ட் சேர நேரமே கிடையாது. கூலர் இல்லாமலே ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து அடுக்கலாம். ஒமேகா சென்டாரி மாதிரிப் பிரகாசமான நட்சத்திரக் கொத்துகளை ஐந்து, பத்து நொடிப் படங்களாக நிறைய எடுத்து, அதே இரவில் அதே வெப்பத்தில் இருட்டுப் படங்களையும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். காற்றின் வெப்பம் இரவு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இருட்டுப் படங்களை ஒரே நேரத்தில் எடுக்காமல், மணிக்கு ஒரு தடவை நடுநடுவே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்த்தி வில்லையை மட்டும் அப்போதும் மாற்றிக்கொண்டே இருங்கள். கூலர் ஓடாத கேமராவுக்குள்ளும் ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும்.